மறைந்து தோன்றும் சிறு சூரியன்கள்

1782-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு. இங்கிலாந்து நாட்டின் யார்க் நகரில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வானத்தை நோக்கியவாறு இருந்தார். ஜான் குட்ரிக் என்பது அவர் பெயர். குழந்தைப் பருவத்தில் கண்ட நோயினால் செவிப்புலனை இழந்தவர் அவர். பெர்சியூஸ் என்னும் மீன்கூட்டத்தில் உள்ள அல்கோல் என்ற விண்மீன் அன்றிரவு வழக்கத்திற்கு மாறாக மங்கியிருக்கக் கண்டார். தம் கண்களையே அவரால் எளிதில் நம்ப இயலவில்லை.

அல்கோலின் ஒளி மாறுவதுண்டு என்பதை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இத்தாலிய அறிஞர் மொந்தனாரி கவனித்திருந்தார். ஆனால் அம்மாற்றத்திற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைக் கண்டறிந்த பெருமை குட்ரிக்கையே சாரும். குளிர்காலம் முழுவதும் அவர் அந்த ஒரு மீனை விடாது கவனித்தார். கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூரிய கண்ணும், அருகிலுள்ள மீன்களோடு ஒப்பிடும் பொறுமையும், கடிகாரமுமே போதுமானவையாக இருந்தன. 2 நாள், 20 மணி, 49 நிமிடங்களுக்கு ஒரு முறை அல்கோல் மங்குகிறது. ஏறத்தாழ 10 மணி நேரத்திற்குள் தன் ஒளியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, மீண்டும் பழைய நிலையை எய்துகிறது. இந்தக் கணக்கு தவறுவதேயில்லை.

1783-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் இராயல் சங்கத்தின்முன் அவருடைய ஆய்வு படிக்கப்பட்டது. அல்கோலைச் சுற்றிவரும் பெரிய பொருள் ஒன்று இடையில் வந்து அதை மறைக்கலாம், அல்லது அதன் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் இருக்கலாம் என்று இரண்டு காரணங்களை அவர் கூறினார். அவ்வாண்டே சங்கத்தின் உயரிய விருதான காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1786 ஏப்ரலில் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பின் சில நாட்களிலேயே, ஏப்ரல் 20-ஆம் நாள், காலமானார். அப்போது அவருக்கு வயது 21. அவர் முதலாவதாகக் கூறிய காரணமே சரியானது என்பதை 1889-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் வோகல் என்னும் அறிஞர் நிறமாலைக் கருவியின் துணைகொண்டு உறுதிப்படுத்தினார். அல்கோல் ஒன்றன்று, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்று மற்றொன்றுக்கு முன்னே வரும்போது நிகழும் கிரகணமே அந்த மங்கல்.

இத்தகைய மீன்களைக் கிரகண இரட்டை விண்மீன்கள் என்பர். இவற்றுள் மிகச் சிறியவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம். அவை தரும் செய்தி வியப்புக்குரியது மட்டுமன்று. அறிஞர் பலருடைய கணக்குகளைத் திருத்தும் வல்லமையும் உடையது.

ஒளியை நிறுக்கும் தராசு

ஒரு மீன் எவ்வளவு மங்கியது என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? பண்டைய கிரேக்கர் கண்ணுக்குத் தெரியும் மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்தனர். மிக ஒளியுள்ளவை முதல் தரம். அரிதிற் புலப்படுபவை ஆறாம் தரம். இந்தப் பழைய வழக்குக்கு 1856-ஆம் ஆண்டில் திட்டமான கணித வடிவம் தந்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு. ஆகவே ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே 2.512 மடங்கு என்று அவர் வகுத்தார். உலகெங்கும் இன்றளவும் வழங்குவது இந்த அளவுகோலே. இவ்வறிஞர் 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தின் தலைவராகப் பணியாற்றினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடன் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தார்.

அளவுகோல் இருந்தாலும் இடர் ஒன்று உண்டு. மெல்லிய மேகம் ஒன்று கடந்தாலும் மீன் மங்கும். அடிவானத்தை அணுகினாலும் மங்கும். மங்கியது மீனா, நம் காற்றா என்று எவ்வாறு அறிவது? இதற்கு வழி எளியது. ஒளி மாறாத மற்றொரு மீனை அருகிலேயே தேர்ந்துகொண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். மேகம் மறைத்தால் இரண்டும் ஒருசேர மங்கும். ஒன்று மட்டும் மங்கினால் மாற்றம் அந்த மீனுடையதே. ஒரு தட்டில் எடைக்கல்லும் மறு தட்டில் பொருளும் வைத்து நிறுப்பது போன்றதே இது.

ஆனால் எண்ணற்ற மீன்களுக்கிடையே குறித்த மீனையும் அதற்குரிய ஒப்பீட்டு மீன்களையும் தவறின்றி அடையாளம் காண்பது எப்படி? இதற்கு நல்ல படங்கள் வேண்டும். இத்துறையில் பெருந்தொண்டு ஆற்றியவர் இயேசு சபைக் குருவானவர் யோகான் ஜார்ஜ் ஹாகன். ஆஸ்திரிய நாட்டில் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1906 முதல் 1930-இல் இறக்கும் வரை வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கியவர் இவர். ஒளி மாறும் விண்மீன்களுக்கென்று இவர் உருவாக்கிய படத்தொகுதி பல நாட்டு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. அத்தகைய மீன்களைப் பற்றி இவர் எழுதத் தொடங்கிய பெருநூலின் கணிதப் பகுதியை மற்றொரு இயேசு சபைக் குருவானவராகிய ஸ்டைன் எழுதி முடித்தார். பின்னர் அவரே வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் தலைமையையும் ஏற்றார்.

மனிதக் கண் எவ்வளவு கூரியதாயினும் அதற்கும் எல்லை உண்டு. அல்கோலின் ஒளிமிக்க மீன் மங்கிய துணையை மறைக்கும்போது இரண்டாவது கிரகணம் ஒன்று நிகழவேண்டும். அது மிகச் சிறிது ஆதலால் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. 1910-இல் அமெரிக்க அறிஞர் ஜோயல் ஸ்டெபின்ஸ், ஒளிபட்டால் மின்னோட்டத்தை மாற்றும் செலீனியம் கலத்தைத் தொலைநோக்கியில் பொருத்தி, அதைப் பனிக்கட்டியால் குளிர்வித்து, அந்த இரண்டாம் கிரகணத்தை அளந்து காட்டினார். ஒளித்தரத்தில் நூறில் ஆறு பங்கே அந்த வேறுபாடு! அன்று தொடங்கிய மின்முறை அளவீடு படிப்படியாக வளர்ந்து, இன்று நுண்ணிய மின்னணு ஒளிப்படக் கருவியாக வடிவெடுத்துள்ளது.

சிறியவையே மிகுதி

நம் சூரியனைப் போன்றவையே விண்மீன்களில் பெரும்பாலானவை என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. சூரியனுக்கு அண்மையிலுள்ள விண்மீன்களை எண்ணினால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, சூரியனைவிடச் சிறியவையும் குளிர்ந்தவையுமான சிவப்புக் குறுமீன்களே. ஆயினும் வெறுங்கண்ணுக்கு அவற்றுள் ஒன்றேனும் தென்படாது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பிராக்சிமா சென்டாரி அத்தகைய குறுமீன்தான். அதையும் தொலைநோக்கியின்றிக் காண இயலாது. ஊரில் பெரிய வீடுகள் சில மட்டுமே கண்ணில் பட, குடிசைகள் யாவும் இருளில் மறைந்திருப்பது போன்ற நிலை இது.

இத்தனை மிகுதியாக உள்ளவற்றின் எடை என்ன, பருமன் என்ன என்பது தெரியாமல் வானத்தை அறிந்தோம் என்று எவ்வாறு கூற முடியும்? பெரிய தொலைநோக்கியிலும் அவை வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. இங்கேதான் கிரகண இரட்டைகள் கைகொடுக்கின்றன.

காவடித் தண்டின் இரு முனைகளிலும் குடங்களைக் கட்டித் தோளில் சுமப்பவரைப் பார்த்திருக்கிறோம். ஒரு குடம் கனமாக இருந்தால் தோளை அதன் பக்கமாக நகர்த்திக் கொள்வார். இரட்டை மீன்களும் தமக்கு நடுவே உள்ள இத்தகைய சமநிலைப் புள்ளியையே சுற்றுகின்றன. கனமான மீன் புள்ளிக்கு அருகில் சிறிய வட்டமிட்டு மெல்லச் செல்லும். இலேசான மீன் பெரிய வட்டமிட்டு விரைந்து செல்லும். அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால், நம்மை நெருங்கும்போது கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சற்று நகரும். அந்த நகர்ச்சியிலிருந்து வேகமும், வேகத்திலிருந்து எடையும் கிடைக்கின்றன. சுற்றுப்பாதை நமக்குச் சாய்ந்திருந்தால் இக்கணக்கில் ஐயம் நேரும். கிரகணம் நிகழ்கிறதென்றாலோ பாதையை நாம் அநேகமாக விளிம்போரமாகவே பார்க்கிறோம் என்பது உறுதி, ஐயம் நீங்குகிறது.

பருமனை அறிவது இன்னும் எளிது. நிலையத்தில் நில்லாமல் விரையும் இரயில் வண்டி, ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை விநாடி எடுத்தது என்று தெரிந்தால், வேகத்தைக்கொண்டு வண்டியின் நீளத்தைக் கூறிவிடலாம். அவ்வாறே, கிரகணம் தொடங்கியது முதல் முடிவது வரை உள்ள நேரம், மீன்களின் விட்டத்தைத் தருகிறது. ஒளி குறைந்து கூடுவதை நேரத்திற்கெதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைகோடு. அதில் முதற் பள்ளத்தையும் இரண்டாம் பள்ளத்தையும் ஒப்பிட்டால், இரண்டில் எது வெப்பம் மிகுந்தது என்பதும் விளங்கும். இவ்வளவும், நாம் அளந்த ஒளியிலிருந்தே!

முப்பது மணி நேரத்தில் ஒரு சுற்று

வடவானில் டிராகோ என்னும் மீன்கூட்டத்தில், ஏறத்தாழ 48 ஒளியாண்டுத் தொலைவில், சி.எம். டிராகோனிஸ் என்ற இணை உள்ளது. இது கிரகண இரட்டை என்பதை 1967-இல் எக்கன், சாண்டேஜ் என்னும் இருவர் அறிவித்தனர். இரண்டும் சிவப்புக் குறுமீன்கள். ஒவ்வொன்றின் எடையும் சூரியனின் எடையில் நான்கில் ஒரு பங்கை எட்டாது. ஒவ்வொன்றின் விட்டமும் சூரிய விட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதாவது நமக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. இவ்விரண்டும் ஏறத்தாழ 26 இலட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் நின்று, 30 மணி 26 நிமிடத்தில் ஒன்றையொன்று சுற்றி முடிக்கின்றன. ஏறத்தாழ 15 மணி நேரத்திற்கு ஒரு கிரகணம்; ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக நீடிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒத்தவை ஆதலால், ஒவ்வொரு கிரகணத்திலும் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

1977-இல் இவ்விணையை முழுமையாக ஆராய்ந்தார் லேசி என்னும் அறிஞர். பல்லாண்டு அளவீடுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவற்றின் எடையையும் விட்டத்தையும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு உறுதி செய்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட மங்கிய ஒளியைக்கொண்டு இத்துணை நுட்பமாக அளக்க முடிகிறது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

மற்றோர் இணை நமக்குப் பழக்கமான இடத்திலேயே உள்ளது. மிதுன இராசியில், புனர்பூசம் என நாம் வழங்கும் இணை மீன்களுள் ஒன்று காஸ்டர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது, தொலைநோக்கியில் ஒளிமிக்க இரண்டாகவும், சற்றுத் தள்ளி மங்கிய சிவப்பு மீனாகவும் பிரியும். அம்மூன்றும் தனித்தனியே இரட்டைகள்; ஆக மொத்தம் ஆறு விண்மீன்கள் கொண்ட பெருங்குடும்பம் அது! அந்தச் சிவப்பு இரட்டைக்கு ஒய்.ஒய். ஜெமினோரம் என்று பெயர். சூரியனில் பத்தில் ஆறு பங்கு எடையுள்ள அவ்விரண்டும் பத்தொன்பதரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. அவற்றின் கிரகணம் 1926 முதலே அறியப்பட்டது.

கணக்கும் அளவும் முரண்படும் இடம்

விண்மீனின் எடையும், வயதும், அதிலுள்ள பொருட்களும் தெரிந்தால், அதன் விட்டம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று இயற்பியல் விதிகளைக்கொண்டு கணக்கிட முடியும். சூரியனைப் போன்ற மீன்களுக்கு இக்கணக்கு நன்கு பொருந்துகிறது. சிறிய மீன்களுக்கோ பொருந்தவில்லை. ஒய்.ஒய். ஜெமினோரத்தைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வு, கணக்குகள் கூறும் விட்டம் உண்மை அளவைவிட 20 சதவிகிதம் வரை குறைவு என்று காட்டியது. சி.எம். டிராகோனிஸில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 5 சதவிகிதம். சிறிய மீன்கள், கணக்கு சொல்வதைவிடப் பருத்தும், மேற்பரப்பில் சற்றுக் குளிர்ந்தும் இருக்கின்றன.

காரணம் என்ன? மிக நெருங்கிச் சுற்றும் மீன்கள் ஒன்றின் ஈர்ப்பினால் மற்றொன்று கட்டுண்டு, தம்மைத்தாமே விரைவாகச் சுழலும். நம் சூரியன் ஒரு முறை சுழல ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும், சி.எம். டிராகோனிஸ் மீன்களுக்கோ ஒன்றேகால் நாளே போதும். விரைந்த சுழற்சி வலிய காந்தப்புலத்தை உண்டாக்கும். அக்காந்தப்புலம் உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கும். மேற்பரப்பில் கரும்புள்ளிகளையும் பரப்பும். வெளியேற வழியின்றித் தேங்கிய வெப்பத்தால் மீன் சற்றே உப்புகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. மூடியை அழுத்தியபோது பானை பொங்குவதை நம் இல்லத்தரசிகள் அறிவர்.

ஆனால் இதுவும் முழு விடையாகவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒரு முறை மட்டும் சுற்றும் சிறு மீன் இணை ஒன்று 2011-இல் ஆராயப்பட்டது. விரைந்த சுழற்சிக்கு அங்கு இடமில்லை; இருந்தும் விட்டம் கணக்கைவிடச் சில சதவிகிதம் மிகுந்தே காணப்பட்டது. மேலும், கரும்புள்ளிகள் ஒளிவளைகோட்டையே சற்றுச் சிதைத்து, அளப்பவரை ஏமாற்றக்கூடும். ஆகவே ஒரே இரட்டையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்கின்றனர். குட்ரிக் கூறிய இரண்டு காரணங்களும் இங்கே கைகோத்து நிற்பதைக் கவனியுங்கள். மறைக்கும் துணையும் உண்டு. மேற்பரப்பில் கரும்புள்ளிகளும் உண்டு!

ஐந்து சதவிகிதத்தால் என்ன குறை?

சில சதவிகித வேறுபாட்டுக்கா இத்துணை ஆரவாரம் என்று சிலர் வினவலாம். அதன் பயனை நோக்குவோம்.

பிற சூரியன்களைச் சுற்றும் கோள்களை அறிஞர் பெரும்பாலும் நேரில் காண்பதில்லை. கோள் தன் மீனுக்குக் குறுக்கே செல்லும்போது ஒளி சிறிதளவு குறைவதைக்கொண்டே அறிகின்றனர். எவ்வளவு குறைந்தது என்பது, கோளின் விட்டம் மீனின் விட்டத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே கூறும். மீனின் விட்டத்தைத் தவறாகக் கொண்டால் கோளின் விட்டமும் தவறிவிடும். மீன் நாம் எண்ணியதைவிட 10 சதவிகிதம் பெரிதென்று வைத்துக்கொள்வோம். கோளின் விட்டமும் 10 சதவிகிதம் கூடும். கொள்ளளவோ 33 சதவிகிதம் கூடும். ஆகவே அடர்த்தி கால் பங்கு குறையும். கற்பாறையால் ஆன பூமி போன்ற உலகம் என்று நாம் கருதியது, நீரும் வாயுவும் சூழ்ந்த வேறு வகை உலகமாக இருக்கலாம்! 2017-இல் ஏழு கோள்களுடன் அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்-1 என்னும் குறுமீன், சூரியனின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கே உடையது. அதன் கோள்களைப் பற்றி நாம் கூறும் ஒவ்வொரு சொல்லும் அம்மீனின் விட்டத்தைப் பொறுத்தே நிற்கிறது.

இவ்விரட்டைகளையே சுற்றும் கோள்கள் இருக்குமா என்றும் தேடினர். 1994-இல் தொடங்கி, பல நாட்டு வானாய்வுக்கூடங்களைச் சேர்ந்த குழுவினர் சி.எம். டிராகோனிஸை மட்டும் ஆயிரம் மணி நேரத்திற்கும் மேலாக அளந்தனர். கோள் எதுவும் உறுதியாகக் கிட்டவில்லை. ஆயினும் உழைப்பு வீணாகவில்லை. அக்குழுவில் ஒருவரான லாரன்ஸ் டாயில், 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகளைக்கொண்டு, 2011-இல் கெப்ளர்-16 என்னும் இரட்டையைப் பற்றிய ஆய்வை முன்னின்று வெளியிட்டார். சூரியனைவிடச் சிறிய இரண்டு மீன்கள் 41 நாட்களில் ஒன்றையொன்று சுற்ற, அவை இரண்டையும் சேர்த்து 229 நாட்களில் சுற்றிவருகிறது சனிக்கோளைப் போன்ற பருமனுள்ள ஒரு கோள். அங்கே நிற்போர்க்கு வானில் இரண்டு சூரியன்கள் தோன்றும்.

கெப்ளர் 2018-இல் ஓய்வுபெறும் முன் அதன் அளவீடுகளில் 2,800-க்கும் மேற்பட்ட கிரகண இரட்டைகள் இனங்காணப்பட்டிருந்தன. அவ்வாண்டே ஏவப்பட்ட டெஸ் என்னும் மற்றொரு தொலைநோக்கியின் முதல் ஈராண்டு அளவீடுகளில் மட்டும் 4,500-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. ஆயினும் நிலத்திலிருந்து அளப்போரின் தேவை நீங்கிவிடவில்லை. சிறிய தொலைநோக்கியும் மின்னணு ஒளிப்படக் கருவியும் உடைய ஆர்வலர்கள் பல நாடுகளில் தம் வீட்டு மாடியிலிருந்தே கிரகண நேரங்களைக் குறித்து ஆய்வாளர்க்கு உதவி வருகின்றனர்.

நம் முற்றத்திலிருந்து

கருவி இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. டிசம்பர் மாத முன்னிரவில் உங்கள் பிள்ளைகளுடன் முற்றத்திலோ மாடியிலோ வடக்கு நோக்கி நில்லுங்கள். உச்சிக்கு அருகில் கார்த்திகை மீன்கூட்டம் தெரியும். அங்கிருந்து வடக்கே, கையை நீட்டிப் பிடித்த ஒரு சாண் தொலைவில், ஒளிமிக்க மீன்கள் சிலவற்றினிடையே இருப்பது அல்கோல். அதற்கு மேற்கே, அரைச் சாணுக்குச் சற்று மிகுந்த தொலைவில், அல்மாக் என்னும் மீன் உள்ளது. பெரும்பாலான இரவுகளில் அவ்விரண்டும் ஒத்த ஒளியோடு விளங்கும். ஓரிரவு அல்கோல் மட்டும் மங்கித் தெரிந்தால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இரவு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாக அது மீண்டும் அவ்வாறே மங்கும். இரவு பதினொரு மணிக்குக் கண்டிருந்தால், அடுத்த முறை எட்டு மணிக்கே காத்திருங்கள்.

உலகின் ஓசை எதையும் கேட்க இயலாத இளைஞர் ஒருவர், இவ்வாறே ஒரு மீனையும் அதன் அண்டை மீனையும் மாறி மாறி நோக்கிக் கணக்கெழுதினார். அவர் வாழ்ந்தது இருபத்தோராண்டு. அவர் கைக்கொண்ட முறையினால்தான் இன்று, கண்ணுக்கே தெரியாத சிறு சூரியன்களின் எடையையும் பருமனையும் நாம் அறிகிறோம். நம் கணக்குகள் எங்கே பிழைபடுகின்றன என்பதையும் அறிகிறோம். அடுத்த முறை உங்கள் இல்லத்துச் சிறுவன் ஒருவன் வானத்தைப் பார்த்து, “அந்த மீன் ஏன் இன்று மங்கியிருக்கிறது?” என்று கேட்டால், அவனைத் தூங்கப் போகச் சொல்லாதீர்கள். ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.